ஒரு ரிவிட்டுக்கு இரண்டு ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. திருவள்ளூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது அண்ணன் தன் மாருதி 800-இல் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் பழைய போர்வை சுற்றிய ஒரு பொட்டலம். இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தியிருந்தார்.

“என்னண்ணே அது?”

“றெக்கை.” காலி டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டினார். “முழுசா இல்ல. ஒரு முழம்.”

அண்ணன் என்று நான் கூப்பிடுகிறவர் உறவுமுறையில் அண்ணன் அல்ல. இந்த மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவர் டூல்ரூம் ஃபிட்டர், நான் ஸ்டோர்ஸ் கிளார்க். முப்பது வருஷம் ஒரே கேன்டீன் சாப்பாடு. அவர் இண்டென்ட் எழுதிக்கொண்டு வருவார், நான் டிரில் பிட்டை எண்ணிக் கொடுப்பேன். ஓய்வு பெற்றபின் நான் ஊர் சுற்றி எழுதத் தொடங்கினேன். அவர் விமானம் கட்டப்போவதாகச் சொன்னார். வீட்டில் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொன்னார்கள்.

அன்றைய பயணத்தின் காரியம் சின்னதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவர் மின்சாரப் பேனல் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பின்கட்டு ஷெட் காலியாகக் கிடக்கிறது. இறக்கை அதில் அடங்குமா என்று டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அண்ணன் சொன்ன வழி நேர்வழி இல்லை. “போற வழியில உனக்கு ரெண்டு ஏர்போர்ட் காட்டுறேன், ஏறு,” என்றார். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஏது விமான நிலையம் என்று யோசித்தபடியே ஏறினேன்.

ஊரைத் தாண்டும்போது காக்களூர் தொழிற்பேட்டை ஷட்டர் இறக்கிக் கிடந்தது. வாரத்தில் ஆறு நாளும் கிரைண்டர் பொறி பறக்கும் தெருவில் அன்று நாய்கள் படுத்திருந்தன. இந்த மாவட்டம் செய்யாத பொருள் குறைவு. ஆவடியில் டாங்கி: முதல் விஜயந்தா 1965-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. திருவள்ளூருக்குப் பக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் லான்சர் கார் கட்டத் தொடங்கியது. எண்ணூரில் லாரி, தேர்வாய் கண்டிகையில் டயர், கும்மிடிப்பூண்டியில் கம்பி. ஆனால் இதில் எதையும் முழுதாக ஒருவர் செய்வதில்லை.

“முப்பத்தாறு வருஷம் டை செஞ்சேன்,” என்றார் அண்ணன். “அந்த டைல லட்சக்கணக்குல பிராக்கெட் விழுந்துச்சு. அந்த பிராக்கெட் எந்த வண்டியில எந்த மூலையில உக்காந்துகீதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சாவுறதுக்குள்ள ஒரே ஒரு பொருள, மொத்தமா, நானே செஞ்சுப் பாத்துடணும்.”

“அதுக்கு ஒரு ஊஞ்சல் செய்யலாமேண்ணே?”

“ஊஞ்சல் தப்பாப் போனா கயிறுதான் அறுந்துபோவும். தப்பே செய்யக் கூடாதுன்னு கண்டிஷன் போடுற பொருளா இருக்கணும்.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

கிட் விமானம் என்பதை நம் ஊர்க் கண்ணோட்டத்தில் சொல்வதானால், பிரித்து வந்த இரும்பு பீரோவை வீட்டில் வைத்துப் பூட்டுவது போல என்று தோன்றும். அப்படி அல்ல. பெட்டியில் வருவது பெரும்பாலும் தகடு, வளைத்த விளிம்புகள், நீளமான கோணப் பட்டைகள், காகிதப் பொட்டலத்தில் ரிவிட்டுகள், ஒரு பெரிய வரைபடக் கட்டு. மீதி வேலை கட்டுகிறவருடையது. பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவரே கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐம்பத்தொரு சதவீத விதி என்று அதற்குச் செல்லப்பெயர். அண்ணன் மனத்தில் வைத்திருப்பது ஓரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி-9. ரிச்சர்டு வான்குரூன்ஸ்வன் என்ற பொறியாளர் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நிறுவனம் அது. அதன் கிட்டுகளிலிருந்து 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன. பல, கார் நிறுத்தும் கொட்டகைகளில் பிறந்தவை.

ஆர்.வி-9-இல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. இறக்கையின் முனையிலிருந்து முனைக்கு எட்டரை மீட்டர். தாமிரம் கலந்த அலுமினியத் தகடு, பல இடங்களில் முக்கால் மில்லிமீட்டருக்கும் மெல்லியது. ரிவிட்டுகள் பத்தாயிரத்துக்கு மேல். கை பழகியவருக்கே ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பிடிக்கும். தினம் மூன்று மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் ஒன்றரை வருஷத்துக்கு மேல். “ஒரு வேலையில்லாத ஆளுக்கு வேற என்னா வேணும்?” என்றார் அண்ணன்.

கிட்டை மொத்தமாக வாங்க வேண்டியதில்லை. வால், இறக்கை, உடல், கடைசிப் பூட்டு வேலை, என்ஜின் என்று பாகம் பாகமாக வாங்கலாம். எல்லோரும் வாலில்தான் தொடங்குகிறார்கள். அதுதான் விலை குறைவு. கை சரியாக வருமா, மனம் பொறுக்குமா என்பதும் அதில் தெரிந்துவிடும். வாலோடு நின்றுபோனவர்களும் உலகெங்கும் உண்டு. அண்ணன் இன்னும் வாலுக்கே வரவில்லை. கைப்பழக்கத்துக்கென்று விற்கும் சின்னப் பயிற்சிப் பெட்டி ஒன்றை அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்து கொடுத்தார். பின் சீட்டில் போர்வைக்குள் தூங்குவது அதுதான்.

தாமரைப்பாக்கம் அணைக்கட்டருகே வண்டியை ஓரங்கட்டினோம். கொசஸ்தலை ஆற்றில் நாணல் அசைந்தது. தலைக்கு மேலே கனத்த இரைச்சல். அண்ணன் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்து, “அரக்கோணத்து ஆளு,” என்றார். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பி-8ஐ ரோந்து விமானம். வங்கக் கடலுக்குப் போகிற வழியில் திருவள்ளூர் வயல்களின் மேல் நிழல் போட்டுவிட்டுப் போகிறது.

“இதுக்கு முன்னாடி இந்த வேலைய யார் பாத்தா தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் செங்குன்றத்துக்கு ஓட்டினார்.

செங்குன்றம் என்றால் அரிசி ஆலையும் லாரியும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் ஏரிக்கரை தெரிகிற இடத்தில் நிறுத்தினார். காலை வெயிலில் புழல் ஏரி தகடு விரித்ததுபோல் கிடந்தது. சென்னை குடிக்கும் தண்ணீர்.

“முதல் ஏர்போர்ட்டு,” என்றார்.

விளையாட்டுப் பேச்சு இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் காட்டலீனா விமானங்கள் இந்த ஏரியில்தான் இறங்கி ஏறின. 1942-இல் 240-ஆம் படைப்பிரிவு இங்கே வந்தது. பின்னால் 191-ஆம் பிரிவும் வந்தது. நூறு அடிக்கு மேல் இறக்கை விரிந்த, வயிறு படகு போன்ற விமானங்கள். விடியலில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, நீர்மூழ்கிகளைத் தேடி வங்கக் கடலில் மணிக்கணக்காகச் சுற்றிவிட்டு, பொழுது சாயக் கொக்குபோல ஏரிக்குத் திரும்பும். ஓடுபாதை போட நிலம் கேட்காத விமானம். நிலம் எடுப்பதென்றால் ஊரே கூடிவிடும் இந்தக் காலத்தில் அதை நினைத்துக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அங்கிருந்து ஜி.என்.டி. ரோடு. வடக்கே கல்கத்தாவுக்குப் போன பழைய பெருவழி. சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய கியாகோமோ டி’ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரரின் பேச்சை அண்ணன் எடுத்தார். ஆங்கிலக் கால்வாயை 1909-இல் பிளேரியோ பறந்து கடந்த செய்தி அந்த மனிதரைப் பித்துப் பிடிக்க வைத்தது. தானே ஒரு விமானத்தை வரைந்தார். வரைந்ததை எடுத்துக்கொண்டு சிம்சன் கம்பெனிக்குப் போனார். அன்று சிம்சன் சாரட்டு வண்டி கட்டும் நிறுவனம். இன்று செம்பியத்தில் டீசல் என்ஜின் செய்கிறதே, அதே சிம்சன். அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இலேயே ஒரு நீராவிக் கார் கட்டியிருந்தார். அந்தப் பட்டறையின் தச்சர்களும் கொல்லர்களும் டி’ஏஞ்சலிஸின் காகிதத்தை மரமும் துணியும் கம்பியுமாக மாற்றினார்கள். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது தரையை விட்டு எழும்பியது. அலகாபாத்தில் உலகின் முதல் விமானத் தபால் பறந்தது 1911 பிப்ரவரியில். அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே நம்மூர் ஹோட்டல்காரர் ஒருவர் சொந்த விமானத்தில் பறந்துவிட்டார்.

“டி’ஏஞ்சலிஸ் பேரு இருக்குது. சாரட்டுத் தச்சன் பேரு எங்கயாச்சும் இருக்குதா?” என்றார் அண்ணன். ஒரு லாரியை முந்தினார். “ரைட் சகோதரர்கள்னு சொல்றோம். என்ஜின் செஞ்சது சார்லி டெய்லர்னு அவங்க கடை மெக்கானிக்கு. ஆறு வாரத்துல செஞ்சு குடுத்தாரு.”

சோழவரத்தில் ஒரு டீக்கடையில் வழி கேட்டோம். அண்ணனுக்கு வழி தெரியும். கேட்டது பேச்சுக் கொடுப்பதற்காக. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். “ரேஸ் கிரவுண்டா?” என்று அவரே கேட்டார். அவர் அப்பா அங்கே கோலி சோடா விற்றவராம். பந்தயத்தன்று காது அடைத்துக்கொள்ளுமாம். மெட்ராஸ்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்து வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருப்பார்களாம். “அது பந்தயத்துக்குப் போட்டது இல்ல சார். சண்டைக்குப் போட்டது. பிளேன் எறங்குறதுக்கு,” என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இரண்டாவது விமான நிலையம்.

போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதை. போர் முடிந்தபின் விமானம் வரவில்லை. கார்கள் வந்தன. 1950-களில் தொடங்கி 1980-களின் கடைசி வரை இந்தியக் கார்ப் பந்தயத்தின் பெயர் சோழவரம்தான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறந்ததும் இங்கே சத்தம் அடங்கியது. பாதுகாப்புத் துறை நிலம், உள்ளே போக முடியாது. முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். புல், சீமைக் கருவேலம், தூரத்தில் ஆடுகள்.

இங்கே வண்டி ஓட்டியவர்களில் ஒருவர் கோவையின் கரிவரதன். பந்தயக் காரை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுபடியாகாத நாட்டில், மாருதி 800-இன் என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியவர். எத்தனையோ பையன்கள் அதில்தான் முதல்முதலாகப் பந்தயம் ஓட்டினார்கள். இப்போது எங்களைச் சுமந்து வந்த வண்டிக்குள் இருப்பதும் அதே 796 சி.சி. சரக்குதான். கரிவரதனுக்கு வானமும் பிடித்தது. 1995-இல் ஓர் இலகு விமான விபத்தில் இறந்துபோனார். கோவையில் இருக்கும் கரி பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியது.

அண்ணன் அந்தப் பேச்சைத் தவிர்ப்பார் என்று நினைத்தேன். தவிர்க்கவில்லை. “பயம் இருக்குது,” என்றார். “அமெரிக்காவுல ஜான் டென்வர்னு ஒரு பாட்டுக்காரர். தெரியுமா?” தெரியும். 1997 அக்டோபரில் கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்தார். வேறொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி விமானத்தை அவர் வாங்கியிருந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் குழாய்த் திருகை, வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல், ஓட்டுநரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார் கட்டியவர். பறக்கும்போது அதைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும். விசாரணையில் அந்தத் திருகின் இடம் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்தது. “கட்டுனவன் நல்ல கைக்காரனாத்தான் இருந்திருப்பான். ஆனா பக்கத்துல நின்னு ‘ஏன்டா அங்க வெக்கிற?’ன்னு கேக்க ஒரு ஆளு இல்ல.”

இங்கிலாந்தில் அப்படிக் கேட்க ஆள் உண்டு. ஆலப்புழையில் பிறந்து லண்டன் பக்கம் குடியேறிய அசோக் தாமராட்சன் என்ற பொறியாளர், கொரோனா முடக்கத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸ்லிங் விமானத்தின் கிட்டை வரவழைத்தார். தோட்டத்துக் கொட்டகையில் ஒன்றரை வருஷத்தில் நான்கு இருக்கை விமானம் கட்டினார். சுமார் 1,40,000 பவுண்டு செலவு. 2022-இல் பறந்தார். மகள் தியாவின் பெயரே விமானத்துக்கும். அங்கே வீட்டு விமானக்காரர்களின் சங்கம் உண்டு. அதன் ஆய்வாளர்கள் கட்டம் கட்டமாக வந்து பார்த்து, மூடுவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த தகட்டை மூடலாம்.

நம் நாட்டில் அந்தச் சங்கிலி இன்னும் கோர்க்கப்படவில்லை. மும்பை காந்திவலியில் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், அதை இறக்கி 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்தார். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். பறப்பதற்கான அனுமதி அதற்கும் அப்பால். தகடு வளைந்து கொடுத்தது, காகிதம் வளையவில்லை. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் போய் 2025 ஜனவரி முதல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. கட்டுகிறவருக்கு எந்த அளவு வழி திறக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பறக்கிறவருக்குத் தனி உரிமம் வேண்டும். குறைந்தது நாற்பது மணி நேரப் பறக்கும் பயிற்சி, பரீட்சை, மருத்துவச் சோதனை. “பிளேன் பாஸாயிடும். இந்த பாடிதான் பாஸாவுமான்னு தெரியல,” என்று அண்ணன் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

“அப்ப நீங்க பறக்காமலே போயிட்டா?”

“வேற யாராச்சும் பறக்கட்டும். நம்ம சஜி கட்டுனது பறந்துச்சு பாரு.”

சஜி தாமஸ் இடுக்கிக்காரர். பிறவியிலேயே காது கேளாதவர், பேச முடியாதவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைச் சிறுவயதில் பார்த்த கண், அதன்பின் வேறெதையும் பார்க்கவில்லை. கிடைத்த பாகங்களைக் கொண்டு, பல வருஷம் உழைத்து, இரண்டு இருக்கை இலகு விமானம் ஒன்றைக் கட்டினார். அது 2014-இல் எழும்பியது நம் மண்ணிலிருந்துதான்: அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறில். கூட நின்றவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். சஜி கேட்காததை எல்லாம் நாயரின் காது கேட்டிருக்கும். என்ஜினின் இருமல், காற்றின் சீட்டி. பின்னால் ‘விமானம்’ என்று மலையாளத்தில் படமே வந்தது.

காரனோடைப் பாலத்தில் மறுபடி கொசஸ்தலை ஆற்றைக் கடந்தோம். தச்சூர் கூட்டுச்சாலையில் புதுச் சாலைக்காக மண் மேடு போட்டிருந்தார்கள். கவரைப்பேட்டை தாண்டியதும் காற்றில் இரும்பு வாசனை. கும்மிடிப்பூண்டி ஞாயிற்றுக்கிழமைகூட முழுதாகத் தூங்குவதில்லை. உலைகளை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. சிப்காட் சாலையில் கம்பிக் கட்டு ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு ரோலிங் மில்லின் திறந்த பக்கத்தில் செக்கச் செவேலென்று ஒரு கம்பி பாம்புபோல் ஓடி மறைந்தது. சந்தையில் ஒடியாவும் இந்தியும் தெலுங்கும் தமிழும் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசின. ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்து, ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தான் வாங்கிய மீனைக் காட்டிக்கொண்டிருந்தான்.

பட்டறை பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வாட்ச்மேனிடம். உள்ளே சாம்பல் நிறப் பேனல் பெட்டிகள், மூலையில் கம்ப்ரஸர். பின்கட்டு ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்ட் தரை, ஒரு மரமேசை. டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, அண்ணன் நடந்தார். நீளம் ஒன்பது மீட்டர் பத்து. கதவு மூன்று மீட்டர். இறக்கைகளைத் தனித்தனியாக வெளியே கொண்டுபோய்ப் பூட்டலாம். தேரைக் கோயிலுக்குள் கட்டி முடித்தபின் வாசலை அளக்கும் கதி வராது. அளவைச் சுவரில் பென்சிலால் எழுதினார். வந்த காரியம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அதன்பின் அவர் காரிலிருந்து போர்வைப் பொட்டலத்தை எடுத்து வந்தபோதுதான் என்னை எதற்குக் கூட்டி வந்தார் என்று புரிந்தது.

மேசையில் விரித்தார். ஒரு முழ நீளத்து இறக்கைத் துண்டு. உள்ளே எலும்புகள்போல் குறுக்கு விலாக்கள், மேலே வழவழப்பான தோல். விரலால் தடவினேன். ரிவிட் தலை எதுவும் நெருடவில்லை. எல்லாம் தோலோடு தோலாகப் பதிந்திருந்தன. ஒரு விளிம்பில் மட்டும் ஆறு துளைகள் காலி.

“ஆறு பாக்கி. ஒத்த ஆளால முடியல. கை எட்டல,” என்றார்.

ஒரு ரிவிட் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். 3.2 மில்லிமீட்டர் தடிமன், அரிசி மணியைவிடக் கொஞ்சம் கனம். துளையில் விட்டால் மறுபக்கம் ஒன்றரை மடங்கு, அதாவது 4.8 மில்லிமீட்டர், நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் காற்றுத் துப்பாக்கி படபடவென்று அடிக்கும். மறுபக்கம் ஒருவர் டாலி பிடிக்க வேண்டும். டாலி என்பது கையடக்கமான, பளபளவென்று தேய்த்த எஃகுக் கட்டி. துப்பாக்கி அடிக்கும் அடியை டாலி வாங்கித் திருப்பிக் கொடுக்கும். நடுவில் மாட்டிய ரிவிட்டின் வால் நசுங்கித் தலையாகும். அந்தத் தலை 4.8 அகலம், 1.6 உயரம் இருந்தால் சரி. குறைந்தால் பிடிப்பு இல்லை, மிஞ்சினால் தகடு நோகும். அளப்பதற்கு அண்ணன் ஹேக்ஸா பிளேடு துண்டில் ராவி ஒரு கேஜ் செய்து வைத்திருந்தார். டூல்ரூம் புத்தி.

துளைகளின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிசிறே இல்லை. “பர் இருந்தா அங்கருந்துதான் கிராக் ஆரம்பிக்கும்,” என்றார். 1954-இல் நடுவானில் சிதறிய காமெட் ஜெட் விமானங்களுக்குக் காரணம் தேடி, அதே ரகத்து முழு விமானம் ஒன்றின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோதித்தவர்கள், உலோகச் சோர்வின் தொடக்கத்தைத் துளைகளும் வெட்டுகளும் இருந்த மூலைகளில்தான் கண்டார்கள். எங்கள் பழைய தொழிற்சாலையில் பர் எடுக்காத பிராக்கெட் ஆயிரத்தில் பத்து போகும். யாரும் தேடி வந்ததில்லை.

“நான் ஸ்டோர்ஸ்ண்ணே. கையில டூல் புடிச்சதே இல்ல.”

“தெரியும். எண்ணத் தெரியுமில்ல? ஒரு தட்டு தட்டுனா ‘இன்னும் அடி’. ரெண்டு தட்டுனா ‘சரி’. மூணு தட்டுனா ‘கெட்டுப்போச்சு, நிறுத்து’. உள்ள நடக்குறது எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்.”

இந்தத் தட்டு மொழி அவர் கண்டுபிடித்தது இல்லை. போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று ரிவிட் அடித்தார்கள். இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாத இடத்தில் தகடே பேசியது. காலையில் நாங்கள் பார்த்த புழல் ஏரியில் இறங்கிய காட்டலீனாக்களின் உடம்பிலும் அப்படி யாரோ இரண்டு பேர் தட்டிப் பேசிய தடம் இருந்திருக்கும்.

கம்ப்ரஸர் ஓடியது. கையை உள்ளே விட்டேன். ரிவிட்டின் வாலில் டாலியை வைத்து அழுத்தினேன். துப்பாக்கி அதிர்ந்தது. முழங்கை வரைக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. என் மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. சத்தம் நின்றது. குனிந்து பார்த்தேன். ரிவிட்டின் வால் தலையாகாமல், மிதிபட்ட கம்பளிப்பூச்சிபோல் ஒருபக்கம் படுத்துக் கிடந்தது.

இரண்டு தட்டலாம். இது பயிற்சித் துண்டு. இது பறக்கப்போவதில்லை. ஸ்டோர்ஸில் இருந்த காலத்தில், கணக்கு முடிக்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ பெட்டியைத் திறக்காமலே ‘சரி’ என்று டிக் அடித்திருக்கிறேன். அண்ணன் அந்தப் பக்கம், வெறும் வழவழப்பான தலையை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

மூன்று தட்டினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சென்டர் பஞ்சை ரிவிட் தலையின் நடுவில் வைத்து ஒரு சொட்டு அடித்தார். அதே அளவு டிரில் பிட்டை, தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்கினார். பின் பஞ்சால் நெம்ப, தலை பொடுக்கென்று கழன்றது. மிச்சத்தைப் பின்னாலிருந்து நான் மரத்துண்டு முட்டுக் கொடுக்க, மெல்லத் தட்டி வெளியே தள்ளினார். துளை கோணவில்லை. ஊதித் துடைத்துவிட்டுப் புது ரிவிட்டை எடுத்தார்.

“அடிச்சது நான். புடிச்சது நீ. தப்பு ரெண்டு பேருதும்,” என்றார். “ஆனா புடுங்குனதுல தப்பே இல்ல.”

ஆறு துளைக்கு எட்டு ரிவிட் செலவானது. கடைசி இரண்டும் முதல் தடவையிலேயே கேஜுக்குள் உட்கார்ந்தன. என் சட்டை நனைந்திருந்தது. அலுமினியத் துகள் முழங்கையில் ஜிகினாபோல் ஒட்டியிருந்தது. மணி ஒன்றரை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “இது இன்னா சார், ஏசி பாகமா?” என்று கேட்டார். “ஆமா, பெரிய ஏசி,” என்றார் அண்ணன்.

சாப்பிட்டுவிட்டு என்னைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் விட வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்த சென்ட்ரல் வண்டிக்கு நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். வால் கிட்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருப்பதாகவும், இறக்கைக்கு யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். என்ஜின் பற்றிப் பேசவே இல்லை. அது லைகமிங், ஐந்தே கால் லிட்டர். இந்த மாருதி என்ஜினைப்போல் ஆறு மடங்குக்கு மேல். எழுபது வயதில் பேச வேண்டிய விஷயமாக அதை ஒதுக்கி வைத்திருந்தார் என்று தோன்றியது.

“ரெண்டு சீட்டு எதுக்குண்ணே? ஒத்த சீட்டு போதாதா? செலவு குறையுமே.”

“கட்டுறதுக்கே ரெண்டு ஆள் வேணுங்குது. பறக்குறப்ப மட்டும் ஒருத்தன எறக்கி விட்டுடுறதா?”

வண்டி வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முழங்கைத் துகள் இன்னும் போகவில்லை. வலது மணிக்கட்டு விண்விண்ணென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு ஊரில் ஒரு வேலை இருப்பதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். வண்டி அசைந்தது. அண்ணன் பிளாட்பாரத்தில் கூடவே நாலு அடி நடந்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. மடக்கிய விரலால் பெட்டியின் தகட்டில் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுகொண்டார்.